குளத்தங்கரையை மொட்டையடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கும் அந்தத் தாள் வந்தது. ‘குளத்தைச் சுற்றி மண்டிக் கிடக்கும் களைகளை முழுவதுமாக வெட்டிவிட்டுப் புல்தரை போட்டுத் தர வேண்டும்’ என்று நம் ஹெச்ஓஏவுக்கு, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு, ஒரு கோரிக்கை. அதுவரை 48 கையெழுத்து. எண்ணிப் பார்த்தேன், 31 நம் ஆட்களுடையது. அதில் பாதிப் பேர் வீட்டில் நான் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கை நனைத்திருக்கிறேன். தாளைக் கொண்டுவந்த தம்பியிடம் “யோசித்துச் சொல்கிறேன்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஹெச்ஓஏ குழுவுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் தனியாகக் கொடுத்தாயிற்று. அது சதுர அடி, டாலர், மண் அரிப்பு என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி போகும். ஆகஸ்ட் கடைசிக் கூட்டத்தில் ஓட்டுப் போடப்போவது நீங்கள். அதனால் உங்களுக்குத் தமிழில் ஒன்று.

அது களையே இல்லை என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள். எனக்கும் இந்த வீட்டுக்கு வந்த முதல் மூன்று வருஷம் களையாகத்தான் தெரிந்தது. ஊரில் ஒரு மனை அப்படிக் கிடந்தால் “பாம்பு அடையும், ஆள் விட்டு வெட்டுங்கள்” என்றுதானே சொல்வோம்? நானும் அதைத்தான் சொன்னேன். என் எண்ணம் மாறியது ஓர் இலையைத் திருப்பிப் பார்த்த பிறகு.

குளத்துக்கு மேற்கே, பெஞ்சுக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்தில் தடித்த இலையோடு ஒரு செடி கூட்டமாக நிற்கும். ஜூன் கடைசியில் மங்கிய ரோஜா நிறத்தில் பந்து பந்தாகப் பூக்கும். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தால் வாசனை ஆளைத் தூக்கும். அதுதான் மில்க்வீட். கிள்ளினால் பால் வடியும். பார்த்ததும் எருக்கு நினைவுக்கு வந்தால் தப்பில்லை, இரண்டும் ஒரே குடும்பம்தான். அன்றைக்கு என் மகள் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கசகசா அளவில் வெள்ளையாக ஒரு புள்ளி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நெல்லிக்காயில் இருப்பதுபோல மேலிருந்து கீழே வரி வரியாக ஓடுகிறது. மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் முட்டை.

நாலாம் நாள் போனோம். முட்டை இல்லை. முட்டை ஓட்டையே முதல் சாப்பாடாகத் தின்று முடித்த ஒரு புழு இருந்தது. மீசை முடியைத் துண்டாக வெட்டிப் போட்டால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். அது எடுத்த எடுப்பில் இலையைத் தின்னவில்லை. முதலில் இலையில் வட்டமாகக் கடித்து ஒரு வாய்க்கால் வெட்டியது. பாலெல்லாம் அந்த வாய்க்காலில் வடிந்து நின்றது. அப்புறம் வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. மில்க்வீட் பால் பசை மாதிரி. இந்தக் கைவேலை சரியாக வராமல் பாலில் வாய் ஒட்டிச் செத்துப்போகும் குஞ்சுப் புழுக்கள் நிறைய உண்டு. கொஞ்சம் வளர்ந்ததும் வட்டமெல்லாம் போடாது, இலையின் நடு நரம்பையே பாதி கடித்துவிடும். இலை தொங்கிப்போகும், பாலும் நின்றுவிடும். தொங்கும் இலையைப் பார்த்தால் பக்கத்தில் எங்காவது வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்ட தடித்த புழு இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் எருக்கஞ்செடியில் முட்டையிடும் அந்த ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியும் இதற்குச் சித்தப்பா பிள்ளை மாதிரிதான், ஒரே பேரினம். இரண்டும் பாலிலுள்ள நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. பறவை ஒருமுறை வாயில் போட்டால் மறுமுறை கிட்ட வராது.

முட்டையிலிருந்து இறக்கை முளைக்க ஏறக்குறைய ஒரு மாதம். கோடையில் பிறப்பவை சில வாரங்களில் முடிந்துவிடும். ஆனால் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நம் குளத்தங்கரையில் கூட்டை விட்டு வெளியே வருபவை வேறு சாதி. அவை இங்கே முட்டையிடுவதில்லை. நேராகத் தெற்கே கிளம்பி, கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர் பறந்து, மெக்சிகோவின் மிச்சோவாகன் மலைகளில் ஓயமெல் என்ற ஊசியிலை மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அங்கே போனது அதற்கு முன் அதன் பாட்டிக்குப் பாட்டி. வழி சொல்ல ஆள் கிடையாது. மரங்களில் அவை அடைந்திருக்கும் பரப்பை வைத்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். 1996–97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேர், 2023–24இல் 0.9 ஹெக்டேர். இல்லினாய், அயோவா மக்காச்சோளக் காடுகளில் களைக்கொல்லி தாங்கும் விதைகள் வந்தபின் வரப்பு மில்க்வீட் அடியோடு போனது இதற்கு ஒரு பெரிய காரணம். மீதி இருப்பது சாலையோரமும் நம்முடையது போன்ற குளத்தங்கரையும்தான்.

இப்போது என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒப்பந்தக்காரர் ஒருவர் பெரிய புல்வெட்டும் மோவரை ஓட்டிக்கொண்டு வந்து மேற்குக் கரை முழுவதையும் வழித்துவிட்டுப் போனார். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, யாரோ ‘கொஞ்சம் ட்ரிம் பண்ணுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். முந்தின நாள் நானும் மகளும் எண்ணியது 14 புழு. அவள் நோட்டுப் புத்தகத்தில் செடி செடியாகக் குறித்து வைத்திருந்தாள். போய்ப் பார்த்தபோது வெட்டிய தண்டிலிருந்து பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது, செருப்பில் ஒட்டியது. நடைபாதை சிமென்ட்டில் ஒரே ஒரு புழு ஏதோ ஒரு திசையில் போய்க்கொண்டிருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தோம். அவள் அந்த நோட்டில் அப்புறம் எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நாம் குடியிருக்கும் இந்த இல்லினாய் மாநிலத்துக்கு ‘பிரெய்ரி மாநிலம்’ என்று ஒரு பெயர் உண்டு. பிரெய்ரி என்றால் ஆளுயரப் புல், நடுநடுவே பூ, மரம் அபூர்வம். அப்படி ஒரு நிலம் ஒரு காலத்தில் இங்கே 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் இருந்தது. புல்லின் வேர் பத்தடிக்குக் கீழே போகும், கம்பஸ் செடியின் ஆணிவேர் அதற்கும் கீழே. மரக் கலப்பையால் அந்த மண்ணைப் புரட்ட முடியவில்லை, இரும்புக் கலப்பையில் மண் அப்பிக்கொண்டது. 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர், இதே இல்லினாயில் கிராண்ட் டிடூர் என்ற ஊரில், வழவழப்பான எஃகுக் கலப்பை ஒன்றைச் செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கிப் போனது. அவ்வளவுதான் கதை. சதுப்பு நிலங்களுக்கு அடியில் குழாய் புதைத்து நீரை வடித்தார்கள். நூறு வருஷத்துக்குள் எல்லாம் சோளமும் சோயாவும் ஆனது. 1970களில் மாநிலம் முழுக்கத் தேடி அலைந்து கணக்கெடுத்தபோது, பழைய தரத்தில் மிஞ்சியது சுமார் 2,300 ஏக்கர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

அது எங்கே மிஞ்சியது தெரியுமா? பெரும்பாலும் ரயில் பாதை ஓரத்திலும் இடுகாட்டிலும். முதலில் குடியேறியவர்களைப் புதைத்த இடத்தில் கலப்பை ஓட்ட யாருக்கும் மனசு வரவில்லை. மெக்லீன் கவுண்டியில் வெஸ்டன் இடுகாடு என்று ஒன்று, ஐந்து ஏக்கர். நாலு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை சோளம், நடுவில் கல்லறைக் கற்களுக்கு இடையே 1830களின் பூ. சாம்பேனில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பாக்ஸ்டன் ஊரில் பிராஸ்பெக்ட் இடுகாட்டை எட்டிப் பார்க்கலாம், அதுவும் அதே மாதிரி.

வண்ணத்துப்பூச்சியைப் பூவோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். பூ அதற்கு டீக்கடை மாதிரி, எந்தக் கடையிலும் குடிக்கும். பிள்ளை பெற்று வளர்க்கத்தான் குறிப்பிட்ட வீடு வேண்டும். மோனார்க்குக்கு மில்க்வீட். பால்டிமோர் செக்கர்ஸ்பாட்டுக்கு ஈரத்தில் வளரும் டர்ட்டில்ஹெட். பெரிய ஃபிரிட்டிலரி வகைகளுக்கு வயலெட். கடையில் விற்கும் பட்டர்ஃபிளை புஷ் வாங்கி நட்டவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது வெறும் டீக்கடைதான்.

இப்போது எங்கே போய்ப் பார்ப்பது என்று சொல்கிறேன். கோரிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் இதில் ஒரு இடத்துக்காவது ஓட்டுக்கு முன் போய்வந்தால் போதும், அப்புறம் எந்தப் பக்கம் கை தூக்கினாலும் எனக்கு வருத்தமில்லை. நேரம் காலை பத்திலிருந்து மூன்று மணி வரை. வெயில் வேண்டும், காற்று அடிக்கக் கூடாது, 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. குளிராக இருந்தால் அவை அதிகம் பறக்காது, இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

முதலில் சிகாகோவுக்கு மேற்கே வெஸ்ட்செஸ்டரில் உள்ள வுல்ஃப் ரோடு பிரெய்ரி. சுமார் 80 ஏக்கர். உங்களில் ரியல் எஸ்டேட் பேசாமல் இருக்க முடியாதவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். 1920களில் அந்த நிலத்தை மனை போட்டு விற்க ஆரம்பித்து, சிமென்ட் நடைபாதைகூடப் போட்டுவிட்டார்கள். அப்புறம் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது, ஒரு வீடும் எழும்பவில்லை. இன்றைக்கும் அந்த விரிசல் விட்ட நடைபாதையில்தான் நாம் நடக்கிறோம். இரண்டு பக்கமும் தலைக்கு மேலே பிக் புளூஸ்டெம் புல், வரப்போகும் வீடுகளுக்காகக் காத்திருக்கும் தெரு மாதிரி. ஆகஸ்டில் அங்கே வுட் நிம்ஃப் நிறைய. பழுப்பு இறக்கை, முன் இறக்கையில் இரண்டு கண் மாதிரி புள்ளி, புல்லுக்குள் தத்தித் தத்திப் போகும்.

தெற்கே மார்க்கம் ஊரில் கென்ஸ்பர்க்–மார்க்கம் பிரெய்ரி. அதற்கும் இதே ஜாதகம், 1920களில் மனை பிரித்தார்கள், பணம் போச்சு, புல் பிழைத்தது. பக்கத்திலேயே சுங்கச்சாலை, லாரி இரைச்சல் ஓயாது. அந்த இரைச்சலுக்கு நடுவே அஃப்ரோடைட்டி ஃபிரிட்டிலரி பறக்கும். சிகாகோ வட்டாரத்தில் அதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எல்ஜினில் புளஃப் ஸ்பிரிங் ஃபென். இடுகாட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும், தயங்காதீர்கள். கண்ணாடி மாதிரி ஊற்று நீர் ஓடும். பால்டிமோர் செக்கர்ஸ்பாட் அங்கே உண்டு, கறுப்பில் வெள்ளையும் செங்கல் நிறமும் கட்டம் போட்டதுபோல. ஆனால் அது ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்துக்கான ஆள், இந்த வருஷத்துக்குக் காலம் கடந்துவிட்டது.

லைல் ஊரில் மார்ட்டன் மரப் பூங்காவுக்குள் ஷூலன்பர்க் பிரெய்ரி. இது மிஞ்சியதில்லை, வளர்த்தது. 1962இல் ரே ஷூலன்பர்க் என்பவர் விதை பொறுக்கி நாற்று நட ஆரம்பித்த இடம். உள்ளே போகக் கட்டணம் உண்டு, பாதை நல்ல பாதை, தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகலாம். பேட்டேவியாவில் ஃபெர்மி ஆய்வுக்கூடத்துக்கு வெங்கடேஸ்வரர் கோயிலிலிருந்து வெகுதூரமில்லை, அடையாள அட்டை எடுத்துப் போங்கள். அங்கே இருக்கும் பைசனை, அதுதான் அமெரிக்கக் காட்டெருமையை, காட்டப் பிள்ளைகளை நீங்களே கூட்டிப் போயிருப்பீர்கள். அந்த பைசன்களைத் தாண்டி நிற்கும் புல்லைக் கவனித்திருக்க மாட்டீர்கள். அது 1975இல் ராபர்ட் பெட்ஸ் என்ற உயிரியல் பேராசிரியர் தொடங்கி வைத்தது. இடுகாடு இடுகாடாக ஏறி இறங்கி மிச்சப் பிரெய்ரியைத் தேடியவர் அவர். துகள்களை முடுக்கும் வட்டப் பாதைக்கு உள்பக்கம் சும்மா கிடந்த நிலத்தில் விதைத்தார்கள். இப்போது சுமார் ஆயிரம் ஏக்கர். நேப்பர்வில் ஸ்பிரிங்புரூக் பிரெய்ரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் நடைப்பயிற்சி போகும் இடம். அடுத்த முறை ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஓரத்துப் பூவைப் பாருங்கள்.

மாரிஸ் பக்கம் கூஸ் லேக் பிரெய்ரி, மாநிலத்தில் மிஞ்சியதில் ஆகப் பெரியது. பெயரில்தான் ஏரி இருக்கிறது. ஏரியை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடித்துவிட்டார்கள். வில்மிங்டன் அருகே மிடெவின், பழைய ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலை நிலம். 1996இல் தேசியப் பிரெய்ரியாக அறிவித்தார்கள். குண்டு பதுக்கிய மண்மேடுகளின் முதுகில் இன்றைக்குப் புல் வளர்கிறது. பிரம்மாண்டம்தான், ஆனால் மருந்துக்கும் நிழல் கிடையாது, ஆகஸ்டில் சின்னக் குழந்தையோடு போகாதீர்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நான் போகச் சொல்வது ஒரே இடம் என்றால் அது நச்சூசா புல்வெளி. ஐ-88 நெடுஞ்சாலையில் மேற்கே டிக்சன் பக்கம், ஃபிராங்க்ளின் குரோவ் ஊருக்கு அருகே, ஒன்றரை மணி நேர ஓட்டம். நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1986இல் வாங்க ஆரம்பித்து இப்போது சுமார் 4,000 ஏக்கர். வேலிக்கு உள்ளே பைசன் உண்டு, அந்தப் பக்கம் காலை வைக்கக் கூடாது. வெளியே நடக்க இடம் தாராளமாக இருக்கிறது. அங்கேதான் ரீகல் ஃபிரிட்டிலரியைப் பார்த்தேன்.

மூன்று முறை போய்க் காணாமல் திரும்பி, நாலாவது முறை ஜூலை நடுவில். மணல் மேட்டின் சரிவில், முழங்கால் உயரத்துக்கு மேலே எழும்பாமல் ஏதோ ஒன்று வேகமாகப் போனது. முதலில் மோனார்க் என்று நினைத்தேன், முன் இறக்கை அதே செம்மஞ்சள். பர்கமட் பூ ஒன்றில் உட்கார்ந்து இறக்கையை விரித்தபோதுதான் தெரிந்தது. பின் இறக்கை கறுப்பு, அதுவும் வெறும் கறுப்பு இல்லை, காஞ்சிபுரம் பட்டைச் சாய்த்துப் பிடித்தால் கறுப்புக்குள்ளிருந்து நீலம் எட்டிப் பார்க்குமே, அது. அதன் மேல் இரண்டு வரிசைப் புள்ளி. பெண்ணுக்கு இரண்டு வரிசையும் வெள்ளை, ஆணுக்கு வெளி வரிசை ஆரஞ்சு. நான் பார்த்தது ஆண். எட்டு, பத்து விநாடி இருந்தது. செல்போனை எடுப்பதற்குள் போய்விட்டது, எடுக்காததும் நல்லதுதான்.

இந்த ரீகலின் வாழ்க்கையைக் கேளுங்கள், நம் ஓட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஆண்கள் ஜூன் நடுவிலேயே வந்துவிடும், பெண்கள் கொஞ்சம் தாமதம். சேர்ந்த பிறகு பெண் உடனே முட்டையிடுவதில்லை. வெயில் காலம் முழுக்கப் பொறுத்திருந்து, ஆகஸ்ட் கடைசியில் புல்லுக்குள் இறங்கி நடந்தபடியே ஒவ்வொன்றாக இடும், ஆயிரக்கணக்கில். வயலெட் செடி மேலேயேகூட இல்லை, அந்த நேரத்தில் வயலெட் இலை காய்ந்திருக்கும். பக்கத்தில் எங்காவது சருகில் இடும். இலையுதிர் காலத்தில் பொரிக்கும் குஞ்சுப் புழு ஒரு வாய்கூடத் தின்னாமல், சருகுக்கு அடியில் சுருண்டு, இல்லினாய் குளிரை அப்படியே தாண்டும். வசந்தத்தில் வயலெட் துளிர்க்கும்போது எழுந்து தேடிப் போக வேண்டும். பெரும்பாலானவை போய்ச் சேராது. அதனால்தான் அத்தனை முட்டை. 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் மீன், வனவுயிர்த் துறை இதை அழிவு அபாயப் பட்டியலில் சேர்க்க முன்மொழிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மோனார்க்கையும்.

நம் குளத்தில் ரீகல் கிடையாது, வரவும் வராது. ஆனால் அதன் பங்காளியான கிரேட் ஸ்பாங்கிள்டு ஃபிரிட்டிலரி போன வாரம்கூட இருந்தது, பின் இறக்கையின் அடிப்பக்கம் வெள்ளிக் காசு ஒட்டியதுபோல. அதற்கும் இதே பிழைப்பு, வயலெட்தான் உணவு, குஞ்சுப் புழு பட்டினியோடு சருகில் குளிர்காலம். வுட் நிம்ஃபும் அப்படியே, அதற்கு உணவு புல். “செப்டம்பரில் பூவெல்லாம் முடிந்த பிறகு வெட்டினால் என்ன?” என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இதுதான். நாம் காய்ந்த குப்பை என்று வாரிக் கொட்டுவதற்குள் அடுத்த வருஷத்து வண்ணத்துப்பூச்சி படுத்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இல்லினாயின் மாநிலப் பூ வயலெட், 1908இலிருந்து. மாநிலப் பூச்சி மோனார்க், 1975இலிருந்து. மாநிலப் பிரெய்ரிப் புல் பிக் புளூஸ்டெம். மூன்றும் நம் குளத்தங்கரையில் இருக்கின்றன. அதில் முதலாவதைச் சாகடிக்கத்தான் ஒவ்வொரு ஏப்ரலிலும் புல்தரைக்கு மருந்து அடிப்பவருக்கு நாம் காசு கொடுக்கிறோம்.

உங்கள் புகார்களுக்கும் வருகிறேன், எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன்.

உண்ணி உண்டு. அதில் விளையாட்டு வேண்டாம். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். அதற்காகத்தான் நடைபாதையின் இரு பக்கமும் ஆறடிக்கு ஒட்ட வெட்டி வைக்கும்படி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாம்பு? நான் இத்தனை வருஷத்தில் பார்த்தது கார்ட்டர் பாம்பு மட்டும், அது நம்மைக் கண்டால் ஓடிவிடும். ஒவ்வாமை என்று சொன்னவர்கள் பழியை கோல்டன்ராட் மேல் போடுகிறீர்கள். மஞ்சளாகப் பளிச்சென்று கண்ணில் படுவதால் மாட்டிக்கொள்கிறது, பாவம். அதன் மகரந்தம் கனமானது, பூச்சிதான் தூக்கிக்கொண்டு போகும், காற்றில் பறந்து நம் மூக்குக்கு வராது. தும்ம வைப்பது அதே நேரத்தில் பச்சையாக, கண்ணுக்கே தெரியாமல் பூக்கும் ராக்வீட். அது கிளறிப்போட்ட வெறும் மண்ணில் குஷியாக முளைக்கும். குளத்தங்கரையைச் சுரண்டிவிட்டால் முதலில் வருவது அதுதான்.

அப்புறம் வாத்து. வட கரையில் இருக்கும் வீடுகளிலிருந்து வந்த கையெழுத்தெல்லாம் வாத்து எச்சத்துக்காக என்று கேள்விப்பட்டேன். அய்யா, கனடா வாத்துக்கு ஒட்ட வெட்டிய புல்தரைதான் விருந்து இலை. தண்ணீரிலிருந்து நேராக ஏறி மேயும். உயரப் புல் இருந்தால் உள்ளே நரி ஒளிந்திருக்குமோ என்று பயந்து ஏறாது. தெற்குக் கரையில் எச்சம் இல்லாமல் இருப்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்?

நிஜமான களையும் உள்ளே இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கனடா திஸில் என்ற முட்செடி இந்த மாநிலத்தின் சட்டப்படியே ஒழிக்க வேண்டிய களை. கிழக்கு மூலையில் ஃபிராக்மைட்டிஸ் நாணல் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு வருகிறது. அவற்றை எடுக்கத்தான் வேண்டும், மொத்தத்தையும் மழித்துவிட்டு அல்ல, ஆள் வைத்துப் பார்த்துப் பார்த்து. பிரெய்ரியை அப்படியே விட்டாலும் நிற்காது, மரம் ஏறிவிடும். நெருப்போ வெட்டோ அதற்கு வேண்டும். ஸ்பிரிங்புரூக்கில் மார்ச் மாதம் ஆட்களே நின்று தீ வைத்ததைப் பார்த்து நம்மில் ஒருவர் 911ஐக் கூப்பிட்டாரே, அது இதற்குத்தான். அங்கேயும் ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் கொளுத்த மாட்டார்கள், பகுதி பகுதியாகத்தான். எரிந்த பக்கம் செத்ததை எரியாத பக்கம் ஈடுகட்டும்.

நான் கேட்பதும் அதுவே. கரையை மூன்றாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கு, மார்ச் மாதத்தில் வெட்டுவது. மற்ற இரண்டும் காய்ந்த தண்டோடு நிற்கட்டும். ஜூலை, ஆகஸ்டில் நடைபாதை ஓரம் தவிர மோவர் உள்ளே வரவே கூடாது. செலவு, புல்தரை போட்டு வாராவாரம் வெட்டுவதைவிடக் குறைவு, கணக்கை ஹெச்ஓஏவிடம் கொடுத்திருக்கிறேன், கேட்டால் உங்களுக்கும் அனுப்புகிறேன்.

ஒரு குளத்தங்கரையால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அயோவாவில் பவஷீக் என்று ஒரு கவுண்டி. அதன் பெயரிலேயே ஒரு சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி, பவஷீக் ஸ்கிப்பர்லிங். அயோவா, மினசோட்டா பிரெய்ரிகளில் போகிற வழியெல்லாம் தட்டுப்பட்டது, யாரும் நின்றுகூடப் பார்க்கவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மளமளவென்று காணாமல் போனது. 2014இல் அதை அழிந்துவரும் இனமாக அறிவித்தார்கள். இப்போது அது அயோவாவில் இல்லை, மினசோட்டாவில் இல்லை. மிச்சிகனில் சில இடங்களிலும் கனடாவின் மனிடோபாவிலும் மட்டும், மிருகக்காட்சிசாலையில் வளர்த்துக் கொண்டுபோய் விட்டுக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இல்லினாயில் 1987இலிருந்து தன்னார்வலர்கள் ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடந்து வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணாவிட்டால் குறைவது தெரியாது என்பதற்காக. என் மகளும் நானும் நம் குளத்தில் இந்த வருஷம் மறுபடி எண்ண ஆரம்பித்திருக்கிறோம், புது நோட்டில். நேற்று வரை 17 வகை. வைஸ்ராய் வந்தது, மோனார்க்கின் அச்சு அசல் நகல், பின் இறக்கையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு இருந்தால் அது வைஸ்ராய். உங்கள் தோட்டத்துக் காரட் இலையையும் பார்ஸ்லியையும் மொட்டையடிக்கும் பச்சைப் புழு பிளாக் ஸ்வாலோடெயில், தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு நீட்டி நாற்றம் அடிக்கும். நசுக்குவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

வரும் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் குளத்துப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்போம். முழுக்கால் சட்டை, மூடிய காலணி. பூதக்கண்ணாடி மூன்று இருக்கிறது, பிள்ளைகள் முறை வைத்துப் பார்க்கட்டும். நீர்மோர் நான் கொண்டுவருகிறேன். மழையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அதே நேரம். கையெழுத்து வாங்கிய தம்பி அவசியம் வர வேண்டும், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
குளத்துக்கு எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரன்